மூச்சை இழுத்துப் பிடிங்க

எனக்கு முதன்முதலில் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தவர் இருபது நிமிடத்தில் என்னிடம் பேசியது மொத்தம் நாலே நாலு வார்த்தை. இழுங்க, பிடிங்க, விடுங்க, திரும்புங்க. இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கேட்டவர்கள் எல்லாம், 'அவர் வேலையைத்தானே பார்த்தார், இதில் என்ன இருக்கிறது' என்றார்கள். எனக்குத்தான் அந்த நாலு வார்த்தைக்கு நடுவில் கிடந்த மௌனம் ரொம்ப நாள் செரிக்கவில்லை. அவர் மேல் கோபமா, என் மேலேயே எரிச்சலா என்றுகூடப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை அந்த மாதிரி இருட்டறைக்குள் போய் வந்தபின்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வலது விலாவுக்குக் கீழே மந்தமாக ஒரு வலி இரண்டு வாரமாக வந்து போய்க்கொண்டிருந்தது. பார்த்த மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாம்மா" என்றார். 'எதுக்கும்' என்கிற சொல்லைப் போல ஆளைக் கலக்குகிற சொல் வேறு உண்டா தெரியவில்லை. அந்த 'எதுக்கும்' உள்ளே என்னென்ன இருக்கலாம் என்று இரவெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டே இருந்து, மறுநாள் காலை வெறும் வயிற்றோடு போய்ப் படுத்தேன். விளக்கை அணைத்தார்கள். திரையின் வெளிச்சம் மட்டும். திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வெளிச்சம் விழுந்த அவர் முகம்தான்.

விலா எலும்புக்குக் கீழே ப்ரோபை, அதாவது உடம்பின் மேல் வைத்து நகர்த்துகிற அந்தக் கைக்கருவியை, வைத்து அழுத்தினார். டக், டக் என்று ஏதோ பொத்தானை அமுக்கினார். இடது பக்கம் போனார், முதுகுப் பக்கம் போனார், மறுபடி வலது விலாவுக்கே வந்தார். மூச்சை இழுக்கச் சொன்னார். டக். புருவம் சற்றே சுருங்கியது. என்னை இடப்பக்கம் ஒருக்களித்துத் திரும்பச் சொன்னார். அதே இடம். டக், டக். மூன்றாவது தடவையும் அங்கேயே வந்தபோது என் கை தன்னால் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அப்போது பார்த்து அவர் எழுந்து வெளியே போய் இன்னொருவரை அழைத்து வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவேயில்லை. திரையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். இரண்டு டிஷ்யூ பேப்பரை என் வயிற்றின் மேல் வைத்து, "முடிஞ்சுது, தொடைச்சுக்கோங்க" என்றார் முதலாமவர். "ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டேன். "ரிப்போர்ட் வரும். உங்க டாக்டர் சொல்வாரு."

ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் செத்து, பிள்ளைகளுக்கு யார் யார் என்னென்ன செய்வார்கள் என்பது வரைக்கும் முடிவாகிவிட்டிருந்தது. கடைசியில் இருந்தது 7 மில்லிமீட்டரில் ஒரு பித்தப்பைக் கல். "பித்தப்பைக் கல் வலின்னா இப்படி இருக்காதும்மா. நெஞ்சுக்குழியிலயோ வலது பக்கத்துலயோ பலமா புடிச்சு, அரை மணி, ஒரு மணி நேரம் விடாது. தோள்பட்டை வரைக்கும்கூட ஏறும். உங்களோடது அது இல்ல. கல்லு பாட்டுக்கு இருக்கட்டும்" என்று மருத்துவர் ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டார். கல் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் கொடுக்காமல் இருந்துவிடும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. கல் விஷயம் அத்தோடு சரி. அந்த முகம்தான் போகவில்லை.

வயிறு காலி, பை நிறைய

எட்டு மாதம் கழித்து இரண்டாவது ஸ்கேன். இந்தத் தடவை சிறுநீரில் அடிக்கடி கிருமித் தொற்று. போனில் சொன்ன பெண், "எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணி நிறைய குடிச்சிட்டு வாங்க, வந்ததும் பாத்ரூம் போயிடாதீங்க" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள். சாப்பிடாதே, ஆனால் குடி. குடி, ஆனால் போகாதே. ஏன் என்று கேட்டேன். "அப்பதான் மேடம் ஸ்கேன் நல்லா தெரியும்." அதற்கு மேல் அவளுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சொல்லியிருந்தால் பாதிப் பேர் கடைசி நேரத்தில் பாலோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு வந்து திரும்பிப் போக மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பித்தப்பை சேமித்து வைப்பது பித்தநீரை. கொழுப்புள்ள எதுவும் குடலுக்குள் இறங்கியதும் அது சுருங்கி, இருப்பதைப் பிழிந்து கொடுத்துவிடும். சுருங்கிய பை திரையில் ஒரு மடித்த துணிமூட்டை மாதிரிதான் தெரியும். உள்ளே கல் இருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்று பார்க்க அது விரிந்து நிற்க வேண்டும். பட்டினி கிடப்பதால் குடலில் வாயுவும் கொஞ்சம் குறையும். சிறுநீர்ப்பைக்குக் கணக்கு வேறு. அது நிறைந்தால் முன்னால் இருக்கிற குடலை மேலே ஒதுக்கித் தள்ளிவிட்டு, தானே ஒரு தண்ணீர்ச் சன்னல் மாதிரி நிற்கும். அந்தச் சன்னல் வழியாகத்தான் பின்னால் இருக்கிற கர்ப்பப்பையையோ புராஸ்டேட்டையோ எட்டிப் பார்க்கிறார்கள். கழுத்து, மார்பு, கால் நாளம் இதற்கெல்லாம் இந்தப் பாடு ஒன்றும் கிடையாது, சாப்பிட்டுவிட்டே போகலாம். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் பட்டினி என்று கேட்ட உடனேயே அதைச் சொல்லி, காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கிக்கொள்வது நல்லது. மருந்தை எப்போது போடுவது என்றும் தங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிறைந்த பையோடு காத்திருப்பதை ஒரு கலை என்றே சொல்ல வேண்டும். உங்கள் முறை வருவது எப்போதும் அரை மணி நேரம் தள்ளித்தான் போகும். சிரிக்கக் கூடாது, தும்மக் கூடாது. தாங்க முடியவில்லை என்றால் எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு அன்று தெரியாது. பிரயோசனப்படும் அளவுக்குப் பை நிறைந்திருந்தால் போதும். கண்ணில் நீர் வரும் அளவுக்கு நிறைய வேண்டியதில்லை. இன்னொன்று, ஸ்கேன் பாதியில் எழுப்பி, "போய்ட்டு வாங்க" என்று அனுப்புவார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து நான் புடவையைச் சரிசெய்யப் போனேன். போய் வந்தபிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று அளப்பதற்காக மறுபடி ஒரு தடவை படுக்க வேண்டும். எனக்கு வந்த மாதிரித் தொற்று திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு அந்த மிச்சக் கணக்குதான் முக்கியம்.

பேசுவது கொஞ்சம், கேட்பது மிச்சம்

ஜெல்லைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரே செய்தி அது சில்லென்று இருக்கும் என்பது. இருக்கும்தான். ஆனால் அது எதற்கு என்று தெரிந்துகொண்டபோது எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்தது. நாம் கேட்கக்கூடிய ஒலி நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரைக்கும்தான். ப்ரோப் அனுப்புவது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல், 20 லட்சத்திலிருந்து ஒன்றரைக் கோடி வரைக்கும். உடம்புக்குள் அது நொடிக்கு சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் ஓடும். ஆனால் நடுவில் ஒரு மயிரிழை அளவு காற்று இருந்தால் போதும், கிட்டத்தட்ட அத்தனையும் பட்ட இடத்திலேயே முட்டித் திரும்பிவிடும். ஜெல் அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டுத் தோலுக்கும் ப்ரோபுக்கும் நடுவே பாலமாக உட்கார்ந்துகொள்கிறது. குடலில் இருக்கிற வாயுவுக்கும் இதே கதைதான். 'கணையம் முழுமையாகத் தெரியவில்லை, குடல் வாயு மறைக்கிறது' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தால் கணையத்தில் கோளாறு என்று பொருளில்லை. அங்கே ஒரு திரை தொங்கியது, அவ்வளவுதான். என் உறவுக்காரர் ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு மூன்று நாள் தூங்கவில்லை.

ப்ரோபுக்குள் இருப்பவை மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்வு பட்டால் மின்சாரம் கொடுக்கும் படிகத்துண்டுகள். இந்தக் குணத்தை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள் (பியர் கியூரிதான், மேரியின் கணவர், உடன் அவர் அண்ணன் ஜாக்). ஒரே துண்டு வாயாகவும் காதாகவும் வேலை செய்கிறது. ஒரு சின்னத் துடிப்பை உள்ளே அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். 1 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 13 மைக்ரோ நொடி. 2 சென்டிமீட்டர் என்றால் 26. எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பது ஆழம், எவ்வளவு பலமாக வருகிறது என்பது வெளிச்சம். திரையில் தெரிவதெல்லாம் இந்தக் கணக்குதான். இதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. படம் எடுக்கும்போது அந்தப் ப்ரோப் ஒலி எழுப்புவது மொத்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்ச நேரமெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்த நாலு வார்த்தைக்காரர் நினைவுக்கு வந்தார்.

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதிலும் பெரிய சூட்சுமம் கிடையாது. கல்லீரலும் பித்தப்பையும் விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கின்றன. எலும்பு ஒலியை உள்ளே விடாது. மூச்சை இழுத்தால் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் இறங்கி, அவற்றையும் கீழே தள்ளி விலா விளிம்புக்கு வெளியே கொண்டுவந்து காட்டும். ப்ரோபை விலா இடுக்கில் வைத்து அழுத்தும்போது சற்று வலிக்கும். வழக்கத்துக்கு மேல் வலித்தால் பொறுத்துக்கொண்டு கிடக்கக் கூடாது, சொல்ல வேண்டும். பித்தப்பைக்கு நேர் மேலே அழுத்தும்போது சுரீரென்று வலிப்பதே ஒரு தகவல். அதை அவர்கள் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். நானோ நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

உருண்டது

இரண்டாவது தடவை எடுத்தவர் ஒரு பெண் மருத்துவர், அறுபதை ஒட்டிய வயது. படுத்ததுமே, "நான் அளவெடுக்கறப்ப பேச மாட்டேம்மா. பேசினா எண்ணு விட்டுப் போயிடும். ஏதோ இருக்குன்னு நீங்களா நெனச்சுக்காதீங்க" என்றார். ஒரே ஒரு முன்னறிவிப்புதான். அதற்குப் பிறகு அவரும் பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை; புருவம் சுருக்கினார், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார், டக் டக் என்றும் அடித்தார். நான் நிம்மதியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மௌனம் அதே மௌனம்தான்.

பிறகு பழைய ரிப்போர்ட்டைப் புரட்டி, "கல்லு இருக்கா உங்களுக்கு? பாத்திருக்கீங்களா அதை?" என்று கேட்டார். என் கல்லை நான் எப்படிப் பார்ப்பது? திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் மழைக்காலச் சுவர் மாதிரி ஏதோ தெரிந்தது. "இது கல்லீரல். இதுக்குக் கீழ பாருங்க, கறுப்பா ஒரு பை, பேரிக்காய் கணக்கா." தெரிந்தது. தண்ணீர் எதிரொலி கொடுக்காது, அதனால் கறுப்பு. "இப்ப இங்க." அந்தக் கறுப்புக்குள், பையின் கழுத்துப் பக்கமாக, வெட்டிப்போட்ட நகம் மாதிரி வெள்ளையாக ஒரு வளைவு. அதற்குக் கீழே, கல்லீரலின் சாம்பலைக் கிழித்துக்கொண்டு நேராக ஒரு கறுப்புக் கோடு. "கல்லு ஒலியை அந்தப் பக்கம் விடாது. அதோட நிழல் இது. இப்ப மெல்ல இடப்பக்கம் திரும்புங்க. கண்ணை எடுக்காம பாருங்க."

திரும்பினேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த நகத்துணுக்கு அசைந்தது. தயங்குவது போல நின்றது. பையின் அகன்ற அடிப்பக்கத்தை நோக்கி உருண்டு போய்ச் சேர்ந்தது. அதன் நிழலும் கூடவே போனது. என் உடம்புக்குள், நான் திரும்பியதால், ஒன்று உருண்டது. சத்தமே இல்லை, உள்ளே ஒன்றும் தெரியவுமில்லை.

"உருண்டா கல்லு" என்றார் அவர். "சுவத்தோட ஒட்டிக்கிட்டே இருந்தா பாலிப்பான்னு, அதாவது சதை வளர்ச்சியான்னு பாக்கணும். கழுத்துலயே மாட்டிக்கிட்டு அசையலேன்னா அது வேற வம்பு. உங்களுக்கு அந்தக் கழுத்து கொஞ்சம் மடிஞ்சிருக்கு. மடிப்பும் நிழல் விடும், கல்லும் நிழல் விடும். படுத்த வாக்குல பாத்தா குழப்பும். திருப்பிப் போட்டுப் பாத்தாதான் தெளியும்." முதலாமவர் மூன்று தடவை அதே இடத்துக்கு வந்ததையும், திரும்பச் சொன்னதையும், இன்னொருவரை அழைத்து வந்ததையும் சொன்னேன். "சரியாத்தான் பண்ணியிருக்காரு. உருளுதான்னு பாத்திருக்காரு. உருண்டதும் இன்னொரு கண்ணுக்கும் காட்டியிருக்காரு." பழைய ரிப்போர்ட்டில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். 'அசையக்கூடியது' என்று அதில் இருந்திருக்கிறது. எட்டு மாதமாக என் அலமாரியில் இருந்த தாளில். நான் கல்லையும் 7 மில்லிமீட்டரையும் மட்டும் படித்திருந்தேன்.

அதாவது நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மரணத்துக்குத் தயாராகிக் கொண்டிருந்த அந்த நிமிடத்தில்தான் அவர், கெட்டது எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டிருந்திருக்கிறார். திரும்பத் திரும்ப வந்தது, மோசமான ஒன்றைக் கண்டதனால் அல்ல. மோசமான ஒன்றாக இருந்துவிடக் கூடாதே என்று பார்த்ததனால். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. சிரித்தால் சிறுநீர்ப்பை தாங்காது.

முகம் என்கிற எலும்பு

அல்ட்ராசவுண்ட் வரலாற்றில் கார்ல் டுஸிக் என்று ஒரு ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் வருகிறார். தலைக்குள் மிகையொலியைச் செலுத்தி மூளையைப் படம் பிடிக்கப் பார்த்தவர். 1942-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். மூளைக்குள் இருக்கும் நீர்க்குழிகள் என்று நம்பி அவர் காட்டிய வடிவங்கள் மண்டை எலும்பே உண்டாக்கிய கோலங்கள் என்பது பிறகு வந்தவர்கள் சோதித்தபோது தெரிந்தது. ஏமாற்றுக்காரர் இல்லை, முன்னோடிதான். எலும்பைத் தாண்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டறையில் நான் செய்ததும் அதுதான். அந்த மனிதரின் புருவத்தில் என் பித்தப்பையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதே துறையில் வேறு மாதிரி ஒரு கதையும் உண்டு. கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், 1955-இல், அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கொதிகலன் செய்கிற ஒரு தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் தேடும் கருவி அங்கே இருந்தது. நீர்க்கட்டியும் தசைக்கட்டியும் அதில் வேறுவேறு மாதிரி எதிரொலிப்பதைக் கண்டுகொண்டார். டாம் பிரவுன் என்ற பொறியாளரும் ஜான் மக்விகார் என்ற மருத்துவரும் சேர, 1958-இல் லான்செட் மருத்துவ இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. அவர்களிடம் வந்த ஒரு பெண்ணின் கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. வயிறு வீங்கி, இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டவர். கருவியில் பார்த்தால் அது பெரிய சினைப்பை நீர்க்கட்டி. எடுத்தார்கள், பிழைத்தார். இந்தக் கருவி பேர் வாங்கியதே ஒரு நல்ல செய்தியைச் சொல்லித்தான். அந்தப் பெண்ணும் அன்று படுத்துக்கொண்டு அவர்கள் முகத்தைத்தான் பார்த்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஸ்கேன் எடுப்பவர் பேச வேண்டுமா என்பதில் என் கருத்து இரண்டு பக்கமும் ஊசலாடிவிட்டு ஒரு இடத்தில் நின்றிருக்கிறது. எடுக்கும்போது பேச வேண்டாம். இந்தப் படம் எக்ஸ்ரே மாதிரி எடுத்து வைத்துப் பிறகு சாவகாசமாகப் பார்ப்பதில்லை. கை நகர்கிற அந்த நேரத்தில் கண் பிடித்தால்தான் உண்டு. சில இடங்களில் எடுப்பவரே ரேடியாலஜி மருத்துவர். முடிந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை கிடைக்கலாம். வேறு இடங்களில் படம் எடுப்பது பயிற்சி பெற்ற சோனோகிராஃபர், ரிப்போர்ட் எழுதுவது மருத்துவர். அங்கே எடுப்பவருக்கு முடிவைச் சொல்ல அனுமதியே இருக்காது. 'டாக்டர் சொல்வாரு' என்பதை வேறு எப்படியும் மொழிபெயர்த்துப் பயப்படத் தேவையில்லை. எல்லாம் சரியாக இருக்கிறவர்களிடமும் அதைத்தான் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டையும் தனியாக எடுத்துக்கொண்டு போய்த் தேடிப் படிப்பதில் பயனில்லை. ஸ்கேன் நிழலைச் சொல்லும். வலி எப்படி வந்தது, ரத்தப் பரிசோதனை என்ன சொன்னது என்பதெல்லாம் அனுப்பிய மருத்துவரிடம் இருக்கிறது.

ஆனால் தொடங்கும் முன் பேசியே ஆக வேண்டும். இதில் நான் இறங்கி வருவதாக இல்லை. என் அக்காவுக்கு இடுப்புப் பகுதி ஸ்கேன் என்று அழைத்துப் போனோம். மேலே வைத்துப் பார்த்துவிட்டு, பிறப்புறுப்பு வழியாகவும் பார்க்க வேண்டும் என்பதை, உறை மாட்டிய ப்ரோபைக் கையில் எடுத்துக்கொண்டபிறகுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த முறையில் கர்ப்பப்பையும் சினைப்பையும் இன்னும் பக்கத்தில், தெளிவாகத் தெரியும். சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் வலிக்காது, கொஞ்சம் சங்கடமாக இருக்கும். எல்லாம் சரி. ஆனால் அது முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டிய விஷயம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், துணைக்கு ஒருவர் உடன் இருக்கட்டும் எனலாம், நடுவில் நிறுத்தச் சொல்லலாம், வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லலாம். இதில் ஒன்றுகூட அக்காவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அளவெடுக்கிறவரின் மௌனத்தை நான் மன்னித்துவிட்டேன். இதை மன்னிக்கவில்லை.

அப்பாவின் கால்

மூன்றாவது முறை நான் படுக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு கால் மட்டும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை வீங்கியிருந்தது. நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தையும் காட்டுகிற ஸ்கேன், பார்க்கச் சொன்னார்கள். இந்தத் தடவை நானே முந்திக்கொண்டு, எடுக்க வந்த இளைஞரிடம், "தம்பி, நடுவுல பேச மாட்டீங்கன்னு தெரியும். என்ன செய்யப்போறீங்கன்னு மட்டும் அப்பாகிட்ட முதல்லயே சொல்லிடுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "ஐயா, தொடையிலேருந்து முழங்காலுக்குப் பின்னாடி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா அழுத்திக்கிட்டே வருவேன். கெண்டைக்காலைப் புடிச்சு விடுவேன், அப்ப மெஷின்லேருந்து உஸ்ஸுன்னு சத்தம் வரும். கலர் வரும், பயப்படாதீங்க" என்றார். அந்தச் சிவப்பும் நீலமும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று எங்கள் வீட்டில் ஒருவர் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். ப்ரோபை நோக்கி வருகிற ஓட்டத்துக்கு ஒரு நிறம், விலகிப் போவதற்கு ஒன்று, அவ்வளவுதான். அந்த உஸ்ஸும் ரத்தத்தின் சத்தமல்ல. ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்தை நம் காதுக்கு எட்டுகிற சத்தமாக இயந்திரம் ஒலிக்கவிடுகிறது.

நான் அந்தத் தம்பியின் தோளுக்குப் பின்னால், திரை தெரிகிற மாதிரி நின்றுகொண்டேன். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்று தமனி, ஒன்று சிரை. அவர் ப்ரோபை அழுத்தினார். தமனி அசையாமல் வட்டமாகவே நின்றது. சிரை, கண் இமை மூடுகிற மாதிரி மெல்லத் தட்டையாகி, ஒரு கோடாகி, காணாமல் போனது. அழுத்தத்தை எடுத்ததும் மறுபடி திறந்தது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அது மூடாது. இரண்டு விரற்கடை கீழே நகர்த்தி மறுபடி அழுத்தினார். மூடியது. இன்னும் கீழே. மூடியது. முழங்காலுக்குப் பின்னால் வந்தபோது ஒரு இடத்தில் சரியாகத் தெரியவில்லை. அவர் ப்ரோபைச் சாய்த்தார், மீண்டும் மேலே வந்தார், மறுபடி இறங்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, கழுத்தை முன்னால் நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தினார். அந்த வட்டமும் மெல்ல மெல்லத் தட்டையானது.

"என்னம்மா?" என்று அப்பாவின் குரல். திரும்பினேன். அவர் எவ்வளவு நேரமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை. ஒரு கை கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தது. "மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். "நசுங்குது."